ஒன்பது நிமிஷத் தண்ணி

ஓடைக்குறிச்சி என்று பேர் இருக்கிறதே தவிர, அந்த ஊரில் ஓடையைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம் பேரூராட்சிக் குழாயில் தண்ணீர் வரும், வந்தாலும் அரைமணி நேரம்தான் வரும், வருகிற தண்ணீரும் உப்புக் கரிக்கும், அந்த உப்புத் தண்ணீருக்கும் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். அப்பேர்ப்பட்ட ஊரில் அரசாங்கம் ஒரு தீயணைப்பு நிலையத்தைக் கட்டி, சிவப்பு வண்டி ஒன்றையும் நிறுத்தி, எங்கே தீப்பிடித்தாலும் தண்ணீர் ஊற்றி அணையுங்கள் என்று நாலு பேரை உட்கார வைத்திருந்தது என்றால், அந்த நாலு பேர் பட்ட பாட்டை நான் சொல்லியா தெரியவேண்டும்?

நிலைய அலுவலர் ஞானதுரை சார். பதிவேடு எழுதுகிறவனும் கயிறு கட்டுகிறவனும் மாடக்கண்ணு. வாயில் வெற்றிலை இல்லையென்றால் அவனுக்குப் பேச்சே வராது. குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு நெருப்புக்குள் முதலில் நுழைகிறவன் சிக்கந்தர், நாலு பேரில் இளையவன், வாய்த்துடுக்கு. வண்டி ஓட்டுகிறவன் கொம்பையா. ஓட்டுவதோடு அவன் வேலை முடியாது, போன இடத்தில் பம்பை முடுக்கித் தொட்டித் தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளுகிறவனும் அவன்தான். கிணற்றில் விழுந்த எருமை, பித்தளைப் பானைக்குள் மாட்டிக்கொண்ட பிள்ளையின் தலை, விரலில் இறுகிப்போன மோதிரம், அரிசி மூட்டைக்கு நடுவே படுத்திருந்த சாரை, பெண்டாட்டி அழைத்தால்தான் இறங்குவேன் என்று செல்போன் கோபுரத்தில் ஏறி நின்றவன், இத்தனையும் பார்த்த ஆட்கள் இவர்கள். ஆகவே எது நடந்தாலும் அவ்வளவு லேசில் வாயைப் பிளந்து நிற்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை.

வண்டியின் தொட்டி கொள்ளுவது நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர். குழாயை முழுசாகத் திறந்தால் ஒன்பது நிமிஷம். கொம்பையாவுக்கு உலகமே அந்த ஒன்பது நிமிஷம்தான். அளவு காட்டும் முள் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே செத்துப்போனதால், நடுவிரலை மடக்கித் தொட்டியைத் தட்டித் தட்டித்தான் அவன் கணக்குப் பார்ப்பான். தண்ணீர் நிற்கிற உயரம் வரைக்கும் 'தொம்' என்று கேட்கும், அதற்கு மேலே 'டங்' என்று கேட்கும். தட்டித் தட்டி அந்த விரல் முட்டியில் காய்ப்பு விழுந்திருந்தது. வண்டி திரும்பி வந்ததும் முதலில் தொட்டிக்குத் தண்ணீர், அப்புறம்தான் ஆளுக்குச் சோறு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்த சட்டத்தை அவன் ஒருநாளும் மீறினதில்லை. பசி காதை அடைத்தாலும் தொட்டி நிரம்பி 'தொம்' என்று கேட்ட பிறகுதான் தூக்குச்சட்டியைத் திறப்பான்.

பங்குனி பிறந்து ஐந்தாம் நாள், காலை பதினோரு மணிக்கு, மேலத்தெருவில் ஒரு வைக்கோல் படப்பு பிடித்துக்கொண்டது. போனார்கள், அடித்தார்கள், ஒன்பது நிமிஷம் முடிந்தது. கொம்பையா தொட்டியைத் தட்டினான். மேலே டங், நடுவிலே டங், அடியிலேயும் டங். வற்றின தொட்டியோடு பம்பை ஓடவிட்டால் காற்றைக் குடித்துப் பம்பு கெட்டுப்போகும் என்று தொட்டி வால்வை இறுக்கி அடைத்தான். அடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், சிக்கந்தர் கையிலிருந்த குழாயில் தண்ணீர் முன்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"பங்காளி, தொட்டி காலி" என்றான் மாடக்கண்ணுவிடம்.

"காலின்னா நிறுத்து."

"நிறுத்திட்டேன். வருது."

மாடக்கண்ணு குனிந்து வால்வைப் பார்த்தான், நிமிர்ந்து படப்பைப் பார்த்தான், வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினான். "வந்தா வரட்டும்யா. நம்ம ஊர்ல வராத தண்ணியத்தான் கேள்வி கேக்கணும், வர்ற தண்ணியக் கேக்கக்கூடாது" என்றான்.

அரைமணி நேரம் வந்தது. படப்பு அணைந்து கடைசிக் கங்கு கறுத்த அந்த நொடியில் நின்றது.

அதற்குள்ளே இன்னொன்று நடந்துவிட்டது. இரண்டு குழாய் சேரும் மூட்டில் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்த இடத்தில் மேலத்தெரு வெள்ளத்தாய் தன் குடத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அவள் தெருவிலே அவள் சொன்னதுதான் சட்டம், பேரூராட்சித் தலைவரே அவள் வாசலைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கிப் போவார். ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தவள், "ஏட்டி, எல்லாரும் ஓடியாங்கடி! உப்பே இல்லடி! மழைத் தண்ணிடி!" என்று போட்ட சத்தத்தில் தெரு முழுக்கக் குடமும் குண்டானும் சருவச்சட்டியுமாக வந்து நின்றுவிட்டது.

அன்றைக்கு நிலையத்துக்குத் திரும்பியதும் ஞானதுரை சார் முற்றத்தில் குழாயைத் திறக்கச் சொன்னார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. சிக்கந்தர் ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டிப் பற்ற வைத்து எதிரே போட்டான். ஒரு வாளித் தண்ணீர் வந்தது, தாள் அணைந்ததும் நின்றது. இன்னொரு தாள், இன்னொரு வாளி. சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா, தீயக் கண்டாத்தான் வருது. இத வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றார். ஐயோ பாவம், அவர் சொல்லி முடிக்கும்போதே மதில்சுவருக்கு மேலே பதினேழு தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் ஊர் சும்மா இருக்குமா? முதல் வாரம் ஆளாளுக்குக் கொளுத்தினார்கள். கிழக்கே ஒரு குப்பைமேடு, மேற்கே ஒரு ஓலைக்குடிசை, வடக்கே ஒருத்தர் தன் வீட்டுக் கட்டிலையே எடுத்துவந்து நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார். ஒரே நேரத்தில் மூன்று தெருவில் புகை கிளம்பி, வண்டி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முச்சந்தியில் நிற்க, மூன்று தெருப் பெண்களும் வண்டியை மறித்துக்கொண்டு குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள். அப்புறம் பெரியவர்கள் கூடிப் பேசி, குளத்துத் தண்ணீருக்கு வயல் முறை வைப்பதைப் போல ஊருக்குத் தீ முறை வைத்தார்கள். திங்கள் மேலத்தெரு, செவ்வாய் கீழத்தெரு, புதன் பள்ளிவாசல் தெரு, வியாழன் காலனி, வெள்ளி கோயிலைச் சுற்றி, சனி பஜார், ஞாயிறு மறுபடி காலனி, ஏனென்றால் அங்கேதான் ஜனம் அதிகம். டயர் கொளுத்தக்கூடாது, காய்கிற துணி கறுத்துப்போகும். பச்சை மரம் வெட்டக்கூடாது. கர்ப்பிணி இருக்கிற வீட்டுப் பக்கம் புகை போகக்கூடாது. காலனிக் குடத்துக்கும் கோயில் தெருக் குடத்துக்கும் ஒரே வரிசை, இதை வெள்ளத்தாய் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள், அதையும் சேர்த்து ஒரு அட்டையில் எழுதிக் கோயில் சுவரில் மாட்டினார்கள்.

நிலையத்துக்கு வருகிற போனும் மாறிப்போயிற்று. "ஐயா, கீழத்தெருவுல தீ. அவசரமில்ல, மெதுவா வாங்க, குடமெல்லாம் இன்னும் வரிசையில வைக்கல" என்பார்கள். "சார், இன்னைக்கு எங்க முறை, ஆனா கொளுத்த ஒண்ணும் அகப்படல, உங்ககிட்ட பழைய ஃபைல் ஏதும் இருக்குமா?" என்று கேட்டவரும் உண்டு. சித்திரை முடிவதற்குள் ஊரிலிருந்த பழைய ஓலை, சோளத்தட்டை, உடைந்த நாற்காலி, தேர்தல் தட்டி எல்லாம் தீர்ந்தது. பரண்கள் காலியாயின. ஒருத்தி தன் கல்யாணத்துக்கு முன்னால் வந்த கடிதங்களைக் கொண்டுவந்து புருஷனுக்கு எதிரிலேயே போட்டாள், அவன் ரெண்டு குடம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஓடைக்குறிச்சிக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று இருந்த சுற்றுப்பட்டி ஊர்க்காரர்களெல்லாம், மாப்பிள்ளை வீட்டுக்கு வாரத்தில் எத்தனை தீ என்று விசாரித்துச் சம்பந்தம் பேச வந்தார்கள்.

ஒவ்வொரு தீக்கும் காரணம் எழுதியாக வேண்டும். மாடக்கண்ணு யோசித்து யோசித்து 'அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு' என்று எழுதினான். மறுநாளும் பீடித்துண்டு. நூற்றுப் பதினோரு பீடித்துண்டு சேர்ந்ததும் மாவட்ட அலுவலகம் பயந்துபோய், ஓடைக்குறிச்சியில் புகைப்பழக்கத்துக்கு எதிராக ஊர்வலம் நடத்தச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது, கூடவே இத்தனை பதிவுக்கும் பொறுப்பு யார் என்று விளக்கமும் கேட்டது. மாடக்கண்ணு தன் பேரை எழுதப் பேனாவைத் திறந்தான். ஞானதுரை சார் அதைப் பிடுங்கி முதலில் தான் கையெழுத்துப் போட்டார், அப்புறம் சிக்கந்தர் வாங்கிப் போட்டான், அப்புறம் கொம்பையா. "வேலை போனா நாலு பேருக்கும் போகட்டும்யா. ஒருத்தன் மட்டும் வீட்ல உக்காந்தா அவனுக்குப் பொழுது போகாது" என்றார் சார்.

எல்லாம் சரிதான். கொம்பையாவுக்குத்தான் உறக்கம் போயிற்று.

ஒரு நாளைக்குப் பதினாலு தடவை மணி அடித்தது. பூட்ஸ் காயவில்லை, சட்டை காயவில்லை, கண் மூடினால் மணி, மூடாவிட்டாலும் மணி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வான், அவன் உறக்கத்தைத் தின்றது வேறு. வைக்கோல் படப்பு எரிந்த அன்றைக்கு வற்றின தொட்டி வற்றினபடியே கிடக்கிறது, அடைத்த வால்வு அடைத்தபடியே கிடக்கிறது, வண்டியோ காலித் தொட்டியோடு தெருத் தெருவாகத் தீக்குப் போய் வருகிறது. எங்கிருந்தோ வருகிற தண்ணீர், சொல்லாமல் வந்தது, சொல்லாமல் நின்றுபோனால்? அன்றைக்குப் பார்த்து எரிகிறது குப்பையாக இல்லாமல் ஆளிருக்கிற வீடாக இருந்தால்? உள்ளே சிக்கந்தர் வெறுங்குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால்? இந்த மூன்று கேள்வியும் அவனைச் சாப்பிட விடவில்லை, உட்கார விடவில்லை, வண்டியைச் சுற்றிச் சுற்றி வர வைத்தன. டங் என்ற அந்தச் சத்தத்தைக் கேட்க மாட்டாமல் தொட்டியைத் தட்டிப் பார்க்கிற பழக்கத்தையே விட்டுவிட்டான். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தான்.

"சார், தொட்டிய நிரப்பிருவோம்" என்றான் ஒருநாள்.

"நிரப்ப நாலாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு எங்கய்யா போக? ஊருக்குக் குடிக்கவே இல்ல."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல சார்."

"சட்டப்படி பாத்தா இந்தத் தண்ணியே வரக்கூடாது கொம்பையா" என்றார் சார், அதிலும் நியாயம் இருந்தது.

வண்டியைக் கொண்டுபோய்ப் பேரூராட்சிக் குழாயடியில் நிறுத்திப் பார்த்தான். ஜனம் விடவில்லை. வெள்ளத்தாய் முன்னால் வந்து, "உங்களுக்குத்தான் வத்தாத கெணறு கிடைச்சிருக்கே, பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா வர்ற எங்க உப்புத் தண்ணிக்குமாய்யா கண்ணு வைக்கிறீக?" என்று கேட்டாள். கொம்பையா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். சிக்கந்தர் விழுந்து விழுந்து சிரித்தான். "கொம்பையாண்ணே கல்யாண வீட்டுக்குக் கட்டுச்சோறு தூக்கிட்டுப் போற ஆளு" என்றான். மாடக்கண்ணுவும் சிரித்தான். சார்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அடுத்த நாள் விடிந்தும் விடியாததுமாக, கொம்பையா தன் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு குடம் உப்புத் தண்ணீரை மொண்டு, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, ஏணியில் ஏறி, வண்டியின் மேல்மூடியைத் திறந்து ஊற்றினான். வண்டி கொடுத்த மழைத் தண்ணீர் வீட்டில் அண்டா அண்டாவாக இருந்தது, அதைத் தொடவில்லை. வந்த வழியே போய்விடுகிற தண்ணீராக இருந்தால் என்ன செய்வது? உப்புக் கரித்தாலும் சொந்தத் தண்ணீர் சொல்லாமல் போகாது என்பது அவன் எண்ணம்.

"யானைப் பசிக்குச் சோளப்பொரி" என்றாள் அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள். "முந்நூறு குடம் புடிக்கிற தொட்டிக்கு நாளைக்கு ஒரு குடம்! கணக்கு தெரியாத மனுசனுக்கா எங்க அப்பன் என்னக் கட்டி வச்சாரு?"

"கணக்கு தெரிஞ்சுதாம்மா உறக்கம் வரல" என்றான்.

அவள் திட்டிக்கொண்டே மறுநாள் குடத்தை நிரப்பி வைத்தாள். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. ஒரு குடம், இன்னொரு குடம். வால்வு அடைத்திருப்பதால் ஊற்றினது எங்கேயும் போகாது. ஒரு குடத்துக்கு ஒன்றே முக்கால் நொடி என்று மனசுக்குள்ளே கூட்டிக்கொண்டே வந்தான். ஆனி பிறந்து எட்டாம் நாளோடு எண்பத்து மூன்று குடம். இரண்டரை நிமிஷம். இரண்டரை நிமிஷத்தில் ஒரு ஆள் உள்ளே போய் வெளியே வரலாம், ஓடத் தெரிந்தவனாக இருந்தால்.

அன்றைக்குத் திங்கட்கிழமை, மேலத்தெரு முறை. வெள்ளத்தாயின் மகள் செல்லக்கனி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, பிள்ளை பெற்று அன்றைக்குப் பதினோராம் நாள். மறுநாள் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றித் தொட்டிலில் போட வேண்டும். தெருவிலே கொளுத்துவதற்கு ஒரு துரும்பு கிடையாது. வெள்ளத்தாய் காட்டுக்குப் போய்க் காய்ந்த வேலிக்கருவை முள்ளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து, தன் வீட்டுக்கு எதிரே பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கி ஓரமாகப் போட்டாள். ஆனிமாதக் காற்று எப்படி அடிக்கும் என்று அவளுக்கா தெரியாது? பிள்ளையின் குளியல் மட்டும்தான் அவள் கண்ணில் இருந்தது. மூன்று மணி வெயிலில் தீக்குச்சியைக் கிழித்தாள்.

காற்று முள்ளைத் தூக்கிக் கிட்டங்கிக்குள் போட்டது. பஞ்சு பிடித்தது. கிட்டங்கியிலிருந்து ஒரு நாக்கு தெருவைத் தாண்டி வெள்ளத்தாய் வீட்டு மாடி ஓலைக்கொட்டகையைத் தொட்டது. மாடியறையில் செல்லக்கனி பிள்ளையை அணைத்துக்கொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்த ஞானதுரை சாருக்கு, "ஐயா, மெதுவா வராதீங்கய்யா" என்ற ஒரே வார்த்தைதான் கேட்டது. கொம்பையா நாலு நிமிஷத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். தெருவில் குடங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன, ஆட்கள் சிதறி ஓடிக்கொண்டிருந்தார்கள். சிக்கந்தர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினான், சார் அவன் பின்னாலே ஏறினார். தண்ணீர் வந்தது, மழைத் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், எப்போதும் போல வந்தது. சிக்கந்தர் கதவை உடைத்து உள்ளே போனான்.

அப்புறம் குழாய் ஒருமுறை இருமியது.

கேட்டதுமே கொம்பையாவுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. உப்பியிருந்த குழாய் பாம்புச்சட்டையாகத் தரையில் படுத்தது. மேலேயிருந்து சார், "தண்ணி! கொம்பையா, தண்ணி!" என்று கத்தினார். வெள்ளத்தாய் வண்டியின் பக்கவாட்டில் நின்று ரெண்டு கையாலும் அடித்துக்கொண்டு, "வாயேன், வந்து தொலையேன், நூறு நாள் வந்தியே" என்று இல்லாத தண்ணீரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"பங்காளி, வால்வு!" என்றான் கொம்பையா. மூன்று மாதம் தொடாத வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மாடக்கண்ணு ஓடிவந்து அவன் கைமேல் கையை வைத்தான். இருவருமாகத் தொங்கித் திருப்பினார்கள், உள்ளங்கை கிழிந்தது, திருப்பினார்கள், கிறீச்சென்று சுற்றியது. பம்பு ஒரு மூச்சு வாங்கியது. குழாய் தரையிலிருந்து எழுந்தது.

"சிக்கந்தரு! ரெண்டரை நிமிஷம்! ரெண்டரைதாம்லே! கூட்டிட்டு வெளிய வந்துரு!"

கொம்பையா எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விடியற்காலை, ஒரு சைக்கிள், ஒரு பேச்சியம்மாள் திட்டு. அறுபது. மாடியில் புகை கறுப்பாக உருண்டது. நூறு. "வா தம்பி, வா தம்பி" என்று மாடக்கண்ணு தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான், அவன் வாயில் வெற்றிலை இல்லை. நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தைந்து. முடிந்தது. எண்பத்து மூன்று குடமும் முடிந்தது. கொம்பையா கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தான். நூற்று அறுபது, இருநூறு. வந்துகொண்டிருந்தது. பழைய அதிசயம் திரும்பிவிட்டதென்று ஒரு கணம் நினைத்தான், மூட்டில் கசிந்த நீர் அவன் உதட்டில் தெறித்தது, கரித்தது. உப்பு. உப்போடு, ஊர்க்கோடியில் வற்றிக் கலங்கிக் கிடக்கிற ஊருணியின் சேற்று வாசம். உப்போடு இன்னும் என்னென்னவோ. எத்தனையோ நாளாகச் சட்டைப்பையில் கிடந்த கையை எடுத்து, நடுவிரலை மடக்கித் தொட்டியைத் தட்டினான். தொம். இன்னும் மேலே தட்டினான். தொம். தன் எண்பத்து மூன்று குடம் எட்டவே முடியாத உயரத்தில் தட்டினான், அங்கேயும் தொம்.

இருநூற்று எழுபதாவது எண்ணில் சிக்கந்தர் படியில் தெரிந்தான். முதுகில் ஈரச் சாக்கைப் போர்த்தி, செல்லக்கனியைத் தோளில் சாய்த்து இறக்கிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் சார், தன் மேல்சட்டைக்குள் பிள்ளையைப் பொதிந்துகொண்டு, குழாயை ஒரு கையால் பின்பக்கமாக அடித்தபடியே இறங்கினார். வெள்ளத்தாய் மகளைப் பிடிக்கவா பேரனைப் பிடிக்கவா என்று தெரியாமல் சார் காலைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை தெருவே அதிரும்படி அழுதது. நல்லா அழட்டும், நல்லா அழட்டும் என்று எல்லாரும் கூட அழுதார்கள்.

தொட்டித் தண்ணீர் மொத்தம் ஏழு நிமிஷம் வந்தது. கிட்டங்கி மிச்சமில்லை, மாடி கரி, ஆனால் அடுத்த வீட்டுக்குத் தீ தாவவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு கொம்பையா பம்பின் சல்லடையைக் கழற்றிக் கையில் கவிழ்த்துப் பார்த்தான். முதலில் வந்தது சவைத்த வெற்றிலைத் துணுக்கு. நிமிர்ந்து மாடக்கண்ணுவைப் பார்த்தான், அவன் உள்ளங்கைக் காயத்தை ஊதிக்கொண்டு எங்கேயோ பார்த்தான். அடுத்தது தண்ணீர்க் கேனை மூடுகிற நீல மூடியின் கிழிந்த வளையம். நிலையத்தில் கேன் தண்ணீர் குடிக்கிறவர் சார் ஒருத்தர்தான், அவர் அவசரமாகக் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். அடுத்து, பள்ளிவாசல் தெருவில் சிக்கந்தர் வீட்டு வாசலில் நிற்கிற வேப்பமரத்துப் பழுத்த இலைகள் நாலைந்து.

"என்னலே இது?" என்றான் கொம்பையா.

சிக்கந்தருக்கு முதன்முறையாக வாய்த்துடுக்கு வரவில்லை. "நீங்க காலையில ஊத்திட்டுப் போவீங்களாண்ணே, நான் மத்தியானம் நீங்க சாப்பிடப் போகையில... சிரிச்சுட்டோமே, சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றான். மாடக்கண்ணுவும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடப்பாவிகளா, ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியாமல் மூன்று பேரும் அதே ஏணியில் ஏறியிருக்கிறார்கள்.

சல்லடையின் அடியில் இன்னும் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தேய்ந்துபோன ஒரு தேத்தாங்கொட்டை. கலங்கின ஊருணித் தண்ணீரைத் தெளிய வைக்க அதைக் குடத்தில் உரைக்கிற வழக்கம் அந்த ஊரிலே இப்போது ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு. கொம்பையா அதை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். குழாயடியில் வண்டியைத் திருப்பி அனுப்பினாளே, அதற்கப்புறம் எந்த நாள், எந்த நேரத்தில், மதில்சுவர் ஏறிக் குதித்து வந்தாளோ, ஒரு குடமோ பத்துக் குடமோ, அவன் கேட்கவில்லை.

அந்த மழைத் தண்ணீர் அதற்குப் பிறகு வரவில்லை. சிக்கந்தர் செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திப் பார்த்தான், தாள் எரிந்து சாம்பலானதுதான் மிச்சம். ஊரும் ரெண்டு வாரம் கொளுத்திப் பார்த்துவிட்டு, தீ முறை எழுதின அட்டையைக் கோயில் சுவரிலிருந்து கழற்றிவிட்டது. இப்போதும் பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம் உப்புத் தண்ணீர்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல. தீப்பிடித்ததற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, விடிகிற நேரத்தில், கொம்பையா எண்பத்து நாலாவது குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தபோது, ஏணியின் உச்சிப்படியில் வெள்ளத்தாய் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் மஞ்சள் பொட்டு வைத்த குடம், நேற்று மூட்டில் கசிந்ததைப் பிடித்து, தொட்டிலில் போடுகிற பிள்ளைக்குத் தலைக்கு ஊற்ற எடுத்து வைத்திருந்த கடைசி மழைத் தண்ணீர். மேல்மூடியைத் திறந்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, என்ன காரியம் பண்றீக!" என்று பதறினான். "பிள்ளைக்கு இன்னைக்குத் தண்ணி ஊத்தணும்ல?"

அவள் குடத்தின் அடியைத் தட்டி மிச்சத்தையும் விழவைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"பிள்ளை இருக்குல்லய்யா" என்றாள். "தண்ணி நாளைக்கு ஊத்திக்கிடலாம்."

அவள் இறங்கி, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். கொம்பையா ஏறித் தன் குடத்தை ஊற்றினான். இறங்கி, நடுவிரலை மடக்கி, தொட்டியின் அடிமட்டத்தில் தட்டிப் பார்த்தான். டங் என்றது. வாசலில் இன்னும் யாரோ குடத்தோடு வருகிற சத்தம் கேட்டது, அவன் ஏணியை நகர்த்தாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.